மோட்டார் ரூம்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? காலையில் வெறும் டீயோடு ஆபீசுக்கு ஓடாதே என்று நான் சொல்லித்தான் கேட்கவில்லை, உன் மனைவி சொன்னாலாவது கேள்.

உனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததில் எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. இரண்டு அறை, ஒரு ஹால், தனியாகக் குழாய்! சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இனி நோயாளிகளுக்குத்தான் தெரியவேண்டும்.

ஒரு காரியம். உன் அத்தான் அங்கே வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆலையை மூடியதும், பைப் வேலை தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு என்று கிளம்பிப் போன மனுஷன். வேலை இருக்கிறது போலத்தான் தெரிகிறது. ஆனால் கடிதம் நாலே வரி. "நலம். வேலை இருக்கிறது. அறை வசதி. பாப்பாவைப் படிக்கச் சொல்." அந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. பைப் கடை முகவரிக்கே எழுது, போஸ்ட்மேன் மாடி ஏறமாட்டான் என்கிறார். மாடி ஏறாத போஸ்ட்மேனை நான் பார்த்ததில்லை.

நீ ஒரு நடை போய்ப் பார். ஜன்னல் உண்டா, ஒழுகுகிறதா, கூட யாராவது இருக்கிறார்களா. பார்த்துவிட்டு உள்ளது உள்ளபடி எழுது. அவர் எழுதினால் நம்பமாட்டேன், நீ எழுதினால் நம்புவேன்.

உன் நலத்துக்கு ஏங்கும்,
அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே இருவரும் நலம். வயிறு பரவாயில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. இந்த நகரத்தில் வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று முதல்முறையாகக் கணக்கெடுக்கிறோம். முந்நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வடக்குப் பாதிக்கு நான் மேற்பார்வையாளர். பாயைச் சுருட்டிக்கொண்டு கலைந்துபோவதற்கு முன் பிடிக்க வேண்டும் என்பதால் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். பாலத்துக்கு அடியில், பஸ் நிலையத்தில், பூட்டிய கடை வாசலில் என்று போகும் இடமெல்லாம் ஆள்.

என் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பதால் ஆபீசில் எல்லோரும் அவளை 'டவுட்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு லாரிக்குள் தலையை நீட்டி டிரைவரிடம், "அண்ணே, இது உங்க வண்டியா, வீடா?" என்று கேட்டாளாம். "ரெண்டும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அவள் எழுதிய தாளைச் சரிபார்ப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அத்தானை நான் பார்த்துக் கொஞ்ச நாளாகிறது. இந்த வேலை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போகிறேன். பாப்பாவுக்கு என் அன்பு.

என்றும் உன்,
தம்பி

*

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

சுகம். சுகமறிய ஆவல். என் தம்பி ஒரு நகரத்தையே உட்கார்ந்து எண்ணுகிறான் என்று இங்கே பெருமையடித்துக்கொள்கிறேன். மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்ததும் முதலில் எனக்கு எழுது.

உன்னை அரிக்கிறேன் என்று நினைக்காதே. நம் தெரு எலக்ட்ரீஷியன் போன வாரம் அங்கே வந்திருந்தாராம், கடைத்தெருவில் உன் அத்தானைப் பார்த்தாராம். "இளைச்சுட்டாரும்மா. எங்க தங்கியிருக்கீங்கன்னு கேட்டேன், டீ சாப்பிடலாம் வாங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டார்" என்றார். அதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

பாப்பாவும் கேட்கிறாள், அப்பா அறையில் மூன்று பேர் படுக்க இடம் இருக்குமா என்று. அதையும் பார்த்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு வணக்கம்.

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிவுதான், மற்றபடி குறையில்லை. அறை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில், தரைத்தளத்திலேயே இருக்கிறது. நான்கு சுவரும் கெட்டியானவை. மேலே கான்கிரீட் கூரை, ஒழுகல் கிடையாது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. இந்த நகரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கூட யாரும் இல்லை, தனியாகத்தான் இருக்கிறார். அக்கம்பக்கம் எல்லாம் படித்த குடும்பங்கள். கொஞ்சம் சத்தம் உண்டு, பழகிவிட்டது என்றார். ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தாய். காற்று வருகிறது.

அறை நீளமானது. படுக்க இடம் இருக்கும்.

கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று நான்கு பேர். டைரக்டருக்குத் திருப்தி. எனக்குப் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 6

மச்சானுக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும்.

அன்று காலை நீ வந்து நின்றபோது உட்கார் என்று சொல்ல ஓர் இடம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம். உன்னை மோட்டார் மேலேயா உட்காரவைக்க முடியும்? நீயும் பேப்பரும் கையுமாக வந்திருந்தாய். நான் குடியிருப்போர் அசோசியேஷன் ஆள் என்று நினைத்து, "மோட்டார் போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் நின்றது.

முன்பு வாடகைக்குத் தங்கியிருந்த மேன்ஷனை இடித்தபோது பதினொரு பேர் வெளியே வந்தோம். அதில் எனக்குத்தான் அதிர்ஷ்டம். அசோசியேஷன் செயலாளர் இந்த அறைச் சாவியைக் கொடுத்தார். காலையும் மாலையும் மோட்டார் போட்டு, டேங்க் நிரம்பியதும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். தரை ஈரமாக இருக்கும். பலகை போட்டிருக்கிறேன்.

உன் அக்காவுக்கு எழுதாதே என்று நான் கேட்டதை மறந்துவிடாதே. அவள் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். உன் வீட்டுக்கு வா என்று நீ கூப்பிடாததும் நல்லதாகப் போயிற்று. கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
அத்தான்

*

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்த அன்று நானும் பாப்பாவும் அதை மூன்று தடவை படித்தோம். ஒரு வரியை மை போட்டு அடித்திருக்கிறாயே, அது என்ன? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. பாப்பா அந்த அறையைப் படமாகவே வரைந்துவிட்டாள். உன் கணக்குப்படி காற்று வருவதால் இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்கிறார். ஏப்ரல் பத்துக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த தெருவில் ஒரு வீடு கிடைத்தது. நல்ல வீடு, சமையலறையில் வெளிச்சம். போன மாதமாக இருந்தால் ஓடிப்போய்ச் சாவி வாங்கியிருப்பேன். உன் கடிதம் வந்தபிறகு, எதற்கு இரண்டு இடத்தில் இரண்டு குடித்தனம் என்று தோன்றிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்தாயிற்று. துணி வெளுக்கத் தெரிந்தவளை எந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லும்?

பாப்பாவின் பரீட்சை முடிந்த மறுநாள் கிளம்புகிறோம். உன் அத்தானுக்குச் சொல்லாதே. சொன்னால், இது சரியில்லை அது சரியில்லை என்று தள்ளிப்போடுவார். நேரே போய் நிற்கிறேன், முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம். நீ போய் அறையைப் பார்த்திருக்காவிட்டால் எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது.

சீக்கிரம் உன்னை நேரில் பார்க்கப்போகும்,
அக்கா

*

ஏப்ரல் 11

(இந்தக் கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல்: "பெறுநர் வீட்டைக் காலி செய்து சென்றுவிட்டார்.")

அக்காவுக்கு வணக்கம்.

நலம். உன் கடிதம் கிடைத்து நாளாகிறது. ஆபீசில் வேலை நெருக்கடி.

நீ அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் கடுமை. பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதும் சுலபமில்லை. அடுத்த தெரு வீடு இன்னும் காலியாக இருந்தால் ஆறு மாதத்துக்காவது அதை எடுத்துக்கொள்ளேன். காரணத்தை நேரில் பேசும்போது சொல்கிறேன்.

இதைப் பார்த்ததும் பதில் போடு.

தம்பி

*

ஏப்ரல் 16

தம்பிக்கு,

இதே நகரத்திலிருந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்கும் இந்த இடத்துக்கும் இருபது நிமிஷ நடை என்று பைப் கடைக்காரர் சொன்னார்.

முந்தாநாள் காலை பஸ் நிலையத்தில் இறங்கினோம். கடைக்காரரிடம் உன் அத்தான் பெயரைச் சொன்னதும், "மோட்டார் ரூம்காரரா?" என்று கேட்டார். என்ன மோட்டார் என்று நான் கேட்கவில்லை. கூட வந்து காட்டினார். உன் அத்தான் ஸ்பேனரும் கையுமாக வெளியே வந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. பாப்பா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரூம் எங்கப்பா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். "இதுதாண்டி" என்று நான்தான் சொன்னேன்.

நீ எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நான்கு சுவர் இருக்கிறது. கான்கிரீட் கூரை இருக்கிறது. தண்ணீர் நாங்கள் படுக்கும் பலகைக்கு அடியிலேயே இருக்கிறது. கதவின் மேல்பாதி கம்பி வலை, காற்று வருகிறது. நீளமான அறைதான், இரண்டு மோட்டாருக்கும் நடுவே.

உன் அத்தானைத் திட்டித் தீர்த்துவிட்டேன், அது எங்களுக்குள். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் மேல தப்பில்ல, நான்தான் சொல்லாதேன்னேன்" என்கிறார். இருக்கட்டும்.

செயலாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒற்றை ஆள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்களாம், குடும்பம் என்றால் சம்மதிக்க மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பேரும் வெளியேற வேண்டும். எனக்காக நான் கேட்கவில்லை. பாப்பாவை மட்டும் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? பெண் குழந்தை. அழைக்காத வீட்டுக்கு நேரே வந்து நிற்க உன் அத்தான் சம்மதிக்கவில்லை, அதனால் ஆபீசுக்கு எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் வா, இல்லை ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்கா

*

மே 4

(மேற்பார்வை: பைப் கடை)

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன். மூன்று பேரும் எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே என் மேஜைக்கு வந்துவிட்டது. உன் கையெழுத்து. ஆனால் உறையில் இந்த ஊர் முத்திரை. பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது. பிரித்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று இழுப்பறையில் போட்டு மேலே ஒரு ஃபைலை வைத்தேன். ஒன்பது நாள், அக்கா. தினமும் அந்த இழுப்பறையைத் திறந்து பேனா எடுத்தேன், மூடினேன். இருபத்தேழாம் தேதி பிரித்துப் படித்துவிட்டு ஓடினேன். மோட்டார் ரூமில் புதுப் பூட்டு. செயலாளர் மாடியிலிருந்தே, "அவங்க போயி ஒரு வாரம் ஆச்சு சார். நல்ல மனுஷன், சாவியைத் துடைச்சுக் கொடுத்துட்டுப் போனார்" என்றார்.

உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய். இப்போது எழுதுகிறேன்.

பிப்ரவரியில் முதலில் வந்த கணக்கு ஒன்பதாயிரம் இல்லை. நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் என் பகுதியில் நூற்றில் ஒன்றை நான் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். டவுட்டு எழுதிய தாளில், "மோட்டார் அறை, ஆண், வயது 48, பிளம்பர்" என்று ஒரு வரி இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். அத்தான் வந்தார். பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. நம் வீட்டுக்கு வாங்க என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, சத்தியம். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காதவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று விழுங்கிவிட்டேன். "அக்காகிட்ட சொல்லாதேடா" என்று அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "நாப்பத்தாறாயிரமா? இதை மேல அனுப்பினா என் தலைதான் உருளும். வீடில்லாதவன்னா யாருன்னு ஒழுங்கா ஒரு விளக்கம் எழுதிட்டு வா" என்றார். எழுதினேன். 'நான்கு சுவரும் கூரையும் உள்ள இடத்தில் உறங்குவோர் வீடற்றோர் ஆகார்.' அவர் கேட்டது சின்ன எண். நான் எழுதியதற்கு வேறு காரணமும் உண்டு. இப்படி ஒரு விதி வந்துவிட்டால் அத்தானுக்கு வீடு இருக்கிறது என்று ஆகிவிடும். உனக்கு நான் எழுதப்போவது பொய்யில்லை என்று ஆகிவிடும். "சார், கதவு வேண்டாமா? உள்ள பூட்டிக்க ஒரு தாழ்ப்பாள்?" என்று டவுட்டு கேட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். சிவப்பு மையால் வரி வரியாக அடித்தோம். மாடிப்படிக்கு அடியில் இருந்தவர்கள், அச்சகத்தில் காகிதக் கட்டின் மேல் படுப்பவர்கள், பாதி கட்டிய கட்டிடத்தில் சமைப்பவர்கள் எல்லோரும் போனார்கள். அத்தானை நானே அடித்தேன்.

நீ கேட்ட அந்த அடித்த வரியும் அப்படித்தான். 'அக்கா, நீ உடனே வந்து அத்தானை அழைத்துக்கொண்டு போ' என்று எழுதி, மை போட்டு மறைத்தேன்.

ஒரு வாரமாக டவுட்டுவோடு தேடுகிறேன். ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பட்டியலை வைத்து வீடில்லாதவர்களுக்குத் திறந்த புது விடுதிக்குப் போனோம். வாசலில் இருந்தவர், "ஆம்பளைங்க மட்டும்தான் சார். குடும்பத்துக்கு இடமில்ல. உங்க லிஸ்ட்டுல குடும்பமே இல்லையாமே" என்றார். ஆமாம். குழந்தை வைத்திருப்பவர்கள் எப்படியாவது ஒரு சுவருக்குள் நுழைந்துகொள்கிறார்கள். அவர்களை எல்லாம் நாங்கள் அடித்துவிட்டோம். பட்டியலில் மிஞ்சியது பெரும்பாலும் தனி ஆண்கள். அடுத்த வாசலில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். நீ என்று நினைத்து ஓடினேன். நீ இல்லை. அப்படி எத்தனை முறை ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

பாப்பா எங்கே தூங்குகிறாள்? அதை மட்டுமாவது எழுது.

தம்பி

*

மே 19

மச்சானுக்கு,

மூன்று பேரும் நலம். பாப்பாவும் நலம். ஒரு சுவர் ஓரமாகப் படுக்கிறோம், அவள் எங்கள் இருவருக்கும் நடுவே.

உன் கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "சாப்பிடுறானா, அதைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டாள்.

தேட வேண்டாம். இப்போது வேண்டாம்.

அத்தான்

*

ஜூலை 10

அக்காவுக்கு வணக்கம்.

இந்த மழையில் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சாப்பிடுகிறேன். என் மனைவி தட்டை எதிரே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை எழுந்து போவதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஹால் சும்மாதானே கிடக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்களா?" என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

ஆபீசில் அந்த விதி தவறு, எழுதியவன் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டைரக்டர், "அச்சாகி மேல போன புத்தகத்தை இப்ப எதுக்குக் கிளறுற? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். "விடுபட்ட வரி முப்பத்தாறாயிரத்துக்கு மேல சார். விடுதி கட்டுறவங்களுக்காவது தெரியணும்" என்றேன். காகிதம் எப்படியோ மாநகராட்சி மாமன்றக் கூட்டம் வரை போய்விட்டது. மறுகணக்கெடுப்புக்கு உத்தரவாகியிருக்கிறது. பதவி உயர்வு நின்றது. என்னைப் பழைய பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று சொல்ல முடியாது, மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

இதையெல்லாம் செய்தேன் என்று உன்னிடம் நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில்தான் வேலை தேடியிருப்பாய் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போனேன். நான்காவதில் உன்னைப் பார்த்தேன். பின்வாசலில் ஈரக்கையோடு டீ குடித்துக்கொண்டிருந்தாய். நான் சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். பஸ் போய்விட்டது. அப்போதும் நான் சாலையைக் கடக்கவில்லை. நீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாய்.

ஹாலைக் காலி செய்து வைத்திருக்கிறோம். வாருங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. வாருங்கள்.

தம்பி

*

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழையில் உன் அத்தானுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது எழுந்து வேலைக்குப் போகிறார்.

ஏப்ரலுக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத உட்கார்வது இது ஐந்தாவது தடவை. முதல் நான்கையும் கிழித்துவிட்டேன். அதில் எழுதியதை எல்லாம் நீயே உனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய், நான் வேறு சொல்ல வேண்டாம்.

அன்று நீ சாலையைக் கடந்து வந்திருந்தால் நான் பேசாமல் உள்ளே போயிருப்பேன். ஆகையால் அதை நினைத்து வருந்தாதே. மற்றதற்கு வருந்து.

போன மாதம் உன் மனைவி ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு வந்தாள். நீ அனுப்பவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். இருவரும் படியில் உட்கார்ந்து அழுதோம், பிறகு சாப்பிட்டோம். சமையலில் உப்பு கொஞ்சம் கூட. அவளிடம் சொல்லிவிடாதே. பாப்பாவை அனுப்பச் சம்மதித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டாளாம். பாப்பா வரும் திங்கள்கிழமை வருகிறாள். அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொண்டு நிற்காதே. குழந்தை மிரண்டுவிடும். அவளுக்குக் கணக்கு வராது, சொல்லிக் கொடு.

நாங்கள் இருவரும் இப்போதைக்கு வரவில்லை. உன் அத்தானால் உன் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட முடியாது. என்னாலும் முடியுமா என்று தெரியவில்லை. பழைய சந்தைக் கட்டிடத்துத் தாழ்வாரத்தில் இருக்கிறோம். அங்கே எங்களைப் போல எழுபது எண்பது குடும்பம். முறைவைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம், முறைவைத்துக் காவல் இருக்கிறோம். ஒரு தையல்காரி, இரண்டு வாட்ச்மேன், ஒரு ஓட்டல் மாஸ்டர். வேலை இல்லாத ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை, தம்பி. விடிந்ததும் எல்லோரும் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். பகலில் எங்களைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. குடும்பங்களுக்கு ஒரு விடுதி திறக்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. திறந்தால் போவோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு எங்களை எண்ண வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். எங்களைத் தட்டி எழுப்பாமல், நாங்களாக எழுந்திருக்கும்வரை ஓரமாக நின்றிருந்தார். பிறகு எங்களுக்குச் சமமாகத் தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டு கேட்டார். எத்தனை பேர், எத்தனை மாதமாக, என்ன வேலை, முன்பு எங்கே இருந்தீர்கள். உன் அத்தான்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்தது, "இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். உன் அத்தான் என்னைப் பார்த்தார்.

"யாருமில்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கூடப்பிறந்தவங்க, அப்படி யாராச்சும்?"

"யாருமில்ல சார். அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.

கோபத்தில் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. உண்டு என்று சொன்னால் பெயர் என்ன, எங்கே வேலை என்று கேட்பாரே என்று பயந்துவிட்டேன். உன் ஆபீஸ் ஆள். உன் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? உன் சொந்த அக்காவே சந்தைத் தாழ்வாரத்தில் கிடக்கிறாள் என்று நாலு பேர் பேசினால் நீ தாங்கமாட்டாய். ஏற்கெனவே போன பதவி போதும்.

அந்தத் தாள் எல்லாம் கடைசியில் உன் பிரிவுக்குத்தான் வந்து சேருமாம், உன் மனைவி சொன்னாள். எங்கள் வரி உன் கண்ணில் பட்டால் திருத்தாதே. நான் சொன்னபடியே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா